இன்டர்வியூவுக்கு வந்தவள்

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருக்கும் பாலசுப்ரமணியம் வீட்டுக்கு ஊரில் டெல்லிச் சத்திரம் என்று பெயர். கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் பக்கத்திலிருந்து யார் டெல்லிக்கு இன்டர்வியூ என்று கிளம்பினாலும், ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அவருடைய போன் நம்பரைத் தேடிப் பிடிப்பார்கள். சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சொந்தக்காரருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்றாலும் சரிதான். அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர் என்றால் மந்திரிக்கு அடுத்த நாற்காலி என்று ஊரில் ஒரு நினைப்பு. அவரும் அந்த நினைப்பைக் கெடுத்ததில்லை. நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குத் தானே போய், வந்தவர் கைப்பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டு, ஆட்டோ ஓட்டும் பையாவோடு ஹிந்தியில் சண்டை போட்டு வீட்டுக்குக் கூட்டி வருவார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இன்டர்வியூவுக்கு வந்தவரிடம் என்ன வேலை, எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்கக்கூடாது. வெளியே கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று ஊரில் கேட்க மாட்டார்கள் அல்லவா, அதைத்தான் அவர் இழுத்து நீட்டி வைத்திருந்தார். முன்பொரு முறை வந்த பையனிடம் ரயில்வேயா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார். அவனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்பதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. ஆனாலும் மனிதர் அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டார், வீட்டிலுள்ள மற்ற இரண்டு பேர் வாயையும் சேர்த்து.

ஜூன் முதல் வாரத்தில் வந்து இறங்கிய தமிழ்செல்வியிடமும் அப்படித்தான் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாலசுப்ரமணியத்தின் பெரியப்பா மகன் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவரின் மகள். விந்திய மலைக்கு இந்தப் பக்கம் அவள் வருவது இதுதான் முதல் தடவை. ஒல்லியான பெண். ரயில் ஜன்னல் காற்றில் தலைமுடி வைக்கோலாகிக் கிடந்தது. வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து பாலசுப்ரமணியத்தின் மனைவி லீலாவதியிடம் நீட்டினாள்.

"அதலக்கா வத்தல் அத்தை. இங்கன கெடைக்காதுன்னு அம்மா குடுத்து விட்டா."

"இங்கன லௌகி, டிண்டான்னு சொரக்கா வகைதான் கெடைக்கும். வாயில வச்சா வழுக்கிட்டுப் போவும். போய்க் குளிச்சிட்டு வா. வேர்வையில சட்டை ஒட்டிக்கிட்டு நிக்க பாரு." லீலாவதி பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தாள். அந்த ஊர்க்காயின் கசப்பு வாசனையிலேயே அவளுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

மகள் ரோஹிணி சாயங்காலம் வேலையிலிருந்து வந்தாள். வெளியே இன்னும் அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. துப்பட்டாவால் முகத்தைக் கொள்ளைக்காரி மாதிரி சுற்றியிருந்தவள், கூலருக்கு எதிரில் நின்று ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். பேச்சில் தமிழ் வரும். படிக்கக் கொடுத்தால் எழுத்துக் கூட்டித்தான் வரும். வயது முப்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கல்யாணப் பேச்சுகள் வந்து, போய், களைத்து, இப்போது வருவதை நிறுத்தியிருந்தன.

அவளுக்கு ஓர் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் ப்ராஜெக்ட் அசோசியேட் வேலை. தசை வலுவில்லாமல் பிறந்த குழந்தைகளின் ரத்தம் சின்னச் சின்னக் குப்பிகளில் அங்கே வரும். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, துண்டாக்கி, துண்டுகளுக்கு அடையாளம் ஒட்டி, கழுவி, சீக்வென்சிங் மெஷினில் ஏற்றுவது அவள் பாடு. மெஷின் அதை எழுத்தெழுத்தாகப் படித்துக் கொட்டும். எந்த எழுத்து பிசகியிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தேடுவது வேறொரு குழுவின் பாடு.

இந்த மாதிரி வேலையில் ஒரு கூத்து இருக்கிறது. ப்ராஜெக்டின் ஒரு கட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த கட்டத்துக்கு அனுமதி வந்தால் அதே வேலைக்குப் புதிதாக விளம்பரம் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் எழுந்து வெளியே போய், வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, தன் நாற்காலிக்குத் தானே இன்டர்வியூ கொடுக்க வேண்டும். ரோஹிணி பல முறை கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் ப்ராஜெக்டை நடத்தும் மேடம், "சும்மா ஃபார்மாலிட்டி, கவலைப்படாதே" என்பார். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவார்கள். ஏற்கெனவே முடிவாகிவிட்ட வேலைக்கு நாக்கு வறளப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவர்களுக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் பாட்டில் வைக்கிற வேலையும் ரோஹிணிக்குத்தான். அந்தப் பாட்டில்களை வைக்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசும்.

இந்தத் தடவை மேடமே ஃபார்மாலிட்டி என்ற சொல்லைக் கொஞ்சம் மென்று விழுங்கித்தான் சொன்னார். தேர்வுக் குழுவில் ஹைதராபாத்திலிருந்து ஒரு வெளியாள் வருகிறார், கறாரானவர் என்று கேள்வி. இது தப்பினால் அடுத்த விளம்பரத்துக்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அடுத்த மார்ச்சில் அப்பா ரிடையராகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இவள் சம்பளம் இருந்தால் டெல்லியில் வாடகைக்கு வீடு பிடிக்கலாம். இல்லையென்றால் மூன்று பேரும் கோவில்பட்டிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அவள் இதுவரை லீவில் மட்டுமே பார்த்த ஊர் அது.

மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச்சு தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பியது. வத்தல் பொரித்திருந்தார்கள். ரோஹிணியின் விரல்களில் நீல மை மாதிரி ஏதோ ஒட்டியிருந்ததைத் தமிழ்செல்வி பார்த்தாள்.

"அக்கா, அது ஜெல்லுக்குப் போடுத சாயமா?"

ரோஹிணி நிமிர்ந்தாள். "அர்ரே, உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் எம்.எஸ்ஸி. மாலிக்குலர் பயாலஜிக்கா. மதுரையில. ஆனா எங்க காலேஜ்ல சீக்வென்சிங் மெஷின் கெடையாது. படத்துலதான் பாத்திருக்கேன். மெஷின்ல ஏத்த டி.என்.ஏ. லைப்ரரி தயார் பண்ணும்போது பாதி கழுவுறதுலயே போயிருமாமே, நெசமாவா?"

ஒருத்தி தன் வேலையைப் பற்றி இவ்வளவு ஆசையாகக் கேட்டு எத்தனை காலமாயிற்று. வீட்டில் அம்மாவுக்கு அது ரத்த டெஸ்ட். அப்பாவுக்கு அது சென்ட்ரல் கவர்ன்மென்ட். ரோஹிணிக்கு வாய் திறந்துகொண்டது.

"போகும், பாரு, அது கைல இருக்கு. காந்தத்துல ஒட்டுற பொடி ஒண்ணு இருக்கில்ல, பீட்ஸ், டி.என்.ஏ. அதைப் பிடிச்சுட்டு இருக்கும். எத்தனால் விட்டுக் கழுவுவோம். எத்தனால் அன்னன்னிக்குக் கலக்கணும். நேத்து கலந்தது பேக்கார், உதவாது. அப்புறம் காய விடணும். காய விடணும்னா, மத்லப், ரொம்பக் காய விடக்கூடாது. மேல மினுமினுன்னு இருக்கும் பாரு, அந்த மினுக்கு போன உடனே தண்ணி விடணும். அதுக்கு மேல காய விட்டேன்னா பொடி வெடிப்பு விட்டுரும், டி.என்.ஏ. வெளிய வராது. புதுசா வர்றவங்க எல்லாரும் ஜல்தி ஜல்தின்னு டைமரைப் பார்ப்பாங்க. டைமரைப் பார்க்காத. பொடியைப் பாரு."

"பொடியைப் பாக்கணும்," என்று தமிழ்செல்வி மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றிருந்தது.

"மெஷின் இல்லாம என்ன பண்ணீங்க அங்க?"

"ஆராய்ச்சிக்காரவுங்க எல்லாரும் பாக்கட்டும்னு நெட்ல டேட்டா போட்டு வச்சிருக்காங்கள்லக்கா, அதை எறக்கி எறக்கிப் பாத்தேன். ப்ரோக்ராம் எழுதத் தெரியும். எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு பைலைத் தொறக்கவே ஒரு பகல் எடுக்கும். நான் பாட்டுக்குத் துணி தொவைச்சிட்டு வருவேன்." சிரித்தாள். பிறகு பாலசுப்ரமணியம் பக்கம் திரும்பினாள். "மாமா, நாளைக்கு நான் போற எடத்துக்கு எந்த பஸ்ல ஏறணும்?"

இடத்தின் பெயரைச் சொன்னாள். ப்ராஜெக்ட் பெயரையும் சொன்னாள். பாலசுப்ரமணியம் கையைக் காதுக்குக் கொண்டுபோக நினைத்து, எச்சில் கை என்று பாதியில் நிறுத்தினார். ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான்.

ரோஹிணி மோர் ஊற்றிக்கொண்டாள். சாதம் போட்டுக்கொள்ள மறந்துவிட்டு வெறும் தட்டில் ஊற்றினாள். லீலாவதி அதைப் பார்த்தாள்.

பாத்திரம் கழுவும் சத்தத்துக்குள் அம்மாவும் மகளும் பேசினார்கள்.

"ஏட்டி, அது ஒன் வேலைதான?"

"ஆமா."

"அவகிட்டச் சொல்லிற வேண்டியதுதான? இது ஏற்கெனவே முடிஞ்ச சோலி, நீ மெனக்கெட வேண்டாம்னு."

"முடிஞ்சுதான்னு எனக்கே தெரியாதுமா. அப்படிச் சொன்னா எனக்காகச் சொல்ற மாதிரி இருக்கும். சொல்லலன்னா ஏமாத்துற மாதிரி இருக்கு. என்னைக் கொஞ்சம் சும்மா விடு."

"நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு நம்ம பொழப்புலயே..."

"மா, அவளுக்கு எதுவும் தெரியாது. நான்தான் அத்தனையும் சொல்லிக் குடுத்தேன். என்னைத் திட்டு."

ரோஹிணி கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தாள். போனில் பழைய குறிப்புகளைத் திறந்தாள், மூடினாள். உள்ளே அந்தப் பெண் அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தூக்கத்தின் மேல் ரோஹிணிக்கு அநியாயமாகக் கோபம் வந்தது.

காலையில் லீலாவதி மகளை விரட்டி விரட்டிக் கிளப்பினாள். நாற்காலி போட வேண்டும், சீக்கிரம் போக வேண்டும் என்பது ரோஹிணிக்கும் தெரியும். செல்விக்கு வழி சொல்லி ஆட்டோவில் ஏற்றிவிடுவதாக அம்மா சொன்னதை அவள் நம்பினாள். பாலசுப்ரமணியமும் ஆபீஸ் போனார். பிறகு லீலாவதி தமிழ்செல்விக்குச் சுடச்சுட தோசை வார்த்துப் போட்டாள். அவள் இரண்டாவது தோசைக்குப் போகும்வரை காத்திருந்தாள்.

"செல்வி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாத. நீ போற வேலை ரோகிணி பாக்குத வேலை."

தமிழ்செல்வி புரியாமல் பார்த்தாள்.

"வருசாவருசம் அவளே இன்டர்வியூ குடுத்து அவளே வாங்கிக்கிடுவா. இன்னைக்கும் குடுக்கா. அவளுக்கு இதை விட்டா வயசு கெடையாது. ஒனக்கு எவ்வளவோ காலம் கெடக்கு. நான் போவாதங்கல. நீ படிச்ச புள்ள, ஒனக்கே தெரியும்."

"அக்கா நேத்து ஒண்ணுஞ் சொல்லலையே அத்தை."

"அவ சொல்ல மாட்டா. அதான் நான் சொல்லுதேன்."

தமிழ்செல்வி தட்டில் மிச்சமிருந்த துண்டைத் தின்று முடித்தாள். வீணாக்கக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை. தட்டைத் தானே கழுவி வைத்தாள். "சரி அத்தை," என்றாள். பிறகு இன்டர்வியூவுக்கென்று அயர்ன் பண்ணிப் போட்டிருந்த சுடிதாரோடு, கூடத்தில் தன் பைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். லீலாவதி இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டாள். அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

ஆராய்ச்சி நிலையத்தில் கிளார்க் பெயர்களைக் கூப்பிட்டு வருகையைக் குறித்துக்கொண்டிருந்தார். "தமில் செல்வி," என்றார். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். தண்ணீர் பாட்டில்களை வைத்துக்கொண்டிருந்த ரோஹிணிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வழி தவறியிருப்பாள், பஸ் மாறி ஏறியிருப்பாள். அந்தச் சந்தோஷம் ஒரு பாட்டிலை எடுத்து அடுத்த மேஜையில் வைக்கிற நேரம்கூட நிற்கவில்லை. காலையில் அம்மா தன்னை விரட்டியது ஞாபகம் வந்தது. காரிடாருக்குப் போய்ப் போன் செய்தாள்.

"மா, அவ எங்க?"

"இங்கனதான் இருக்கா. ஒடம்புக்கு முடியலைங்கா."

"போனை அவகிட்டக் குடு."

"நீ ஒன் சோலியைப் பாரு ரோகிணி."

"குடுமா."

கொஞ்ச நேரம் கூலர் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "அக்கா."

"ஜுரமா உனக்கு?"

"இல்லக்கா."

"அம்மா சொன்னாங்களா?"

"ம்," என்றது மறுமுனை. ரோஹிணி சுவரில் சாய்ந்தாள். உள்ளே பிள்ளைகள் ஃபைலோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவள் இப்படிப் பல பேரை ஜெயித்திருக்கிறாள். ஒருத்தரையாவது உண்மையாக ஜெயித்தாளா என்று அவளுக்குத் தெரியாது. மேடம் பார்த்துக் கொடுத்தது, விதி பார்த்துக் கொடுத்தது. இப்போது அம்மா தோசை வார்த்துப் போட்டு வாங்கித் தருகிறாள். அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. செல்வியைக் கூப்பிடுவதில் பெரிய மனசு ஒன்றுமில்லை. மெஷினைக் கண்ணால் பார்க்காத இந்தச் சின்னப் பெண்ணை நேராகவே ஜெயித்துவிடலாம், ஒரு தடவையாவது நிஜமாக ஜெயித்துவிட்டு அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று அவள் நம்பினாள்.

"செல்வி, கிளம்பு. கீழ ஆட்டோ நிக்கும். ஏறிட்டு எனக்குப் போன் பண்ணி பையாகிட்டக் குடு, நான் வழி சொல்றேன்."

"அத்தை வருத்தப்படுவாங்கக்கா."

"அத்தைக்கு இன்டர்வியூ இல்ல. உனக்கு இருக்கு. வா."

கிளார்க்கிடம் போய், ஒரு கேண்டிடேட் வழியில் இருக்கிறாள், பத்து நிமிஷம் பொறுங்கள் பையா என்று ஹிந்தியில் கெஞ்சினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், டீ குடிக்கப் போய்விட்டார்.

தமிழ்செல்வி வந்து சேர்ந்தபோது உதடு வெடித்திருந்தது. அவள் கையில் ரோஹிணி ஒரு பாட்டிலைத் திணித்தாள். பிறகு பக்கத்து நாற்காலியில் தானும் உட்கார்ந்தாள். 

முதலில் ரோஹிணியைக் கூப்பிட்டார்கள். மேடம் பழக்கமான கேள்விகளைக் கேட்டார். ஹைதராபாத்காரர் குறுக்கிட்டு, அவளே தயாரித்து மெஷினில் ஓட்டிய ஒரு ரத்த மாதிரியின் டேட்டாவைத் திரையில் காட்டி, இந்தக் குழந்தைக்கு எங்கே பிசகு என்று எப்படித் தேடுவாய் என்றார். அது வேறு குழுவுக்குப் போகும் என்றாள் ரோஹிணி. "அடுத்த கட்டத்தில் அந்தக் குழு கிடையாது. ஒரே ஆள்தான் இரண்டையும் செய்ய வேண்டும். நீ தேடிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் ஆசைப்படவில்லையா?" அவர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் திரையில் இருந்த எழுத்துகளை முதல் தடவையாக உற்றுப் பார்த்தாள்.

தமிழ்செல்வி உள்ளே வெகுநேரம் இருந்தாள். வெளியே வந்தவள் ரோஹிணிக்கு எதிரில் நின்று, தப்புச் செய்த பிள்ளை மாதிரி சொன்னாள்.

"டேட்டா கேட்டாங்க, சொன்னேன். அப்புறம், லைப்ரரியில டி.என்.ஏ. கம்மியா வந்தா மொதல்ல எதைச் சந்தேகப்படுவன்னு கேட்டாங்க. நீங்க சொன்னதைச் சொன்னேங்க்கா. டைமரைப் பாக்க மாட்டேன், பொடியைப் பாப்பேன்னு. அந்த சார் சிரிச்சிட்டாரு."

ரோஹிணி தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்.

சாயங்காலம் மெயில் வந்தது. முதலிடம் தமிழ்செல்வி. வெயிட்டிங் லிஸ்டில் முதலில் ரோஹிணி. தேர்வானவர் மறுநாளைக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் அடுத்தவருக்கு வேலை போகும் என்று போட்டிருந்தது. பாலசுப்ரமணியம் கலாகந்த் இனிப்பு டப்பாவோடு வீட்டுக்கு வந்து, "இனிமே கேக்கலாம்ல? என்னாச்சும்மா?" என்று பொதுவாகக் கேட்டார். இரண்டு பெண்களில் யாரைப் பார்த்துக் கேட்டார் என்பது அவருக்கே தெரியாது. லீலாவதி டப்பாவை வாங்கிப் பிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அந்தச் சாத்தலில் அவருக்கு எல்லாம் புரிந்துபோனது.

தமிழ்செல்வி பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"நான் சேரலக்கா. நாளைக்கு ரயிலுக்கே ஊருக்குப் போயிருதேன். மாமா டிக்கெட் மட்டும் பாத்துக் குடுத்தா போதும். எனக்கு வேற கெடைக்கும்."

லீலாவதி மகளைப் பார்த்தாள். பாலசுப்ரமணியம் தரையைப் பார்த்தார்.   ரோஹிணி மறுக்காமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் நாலு பேருக்கும் கேட்டது. அடுத்த வருஷ வாடகை வீடு, தன் மேஜை, தன் பிபெட், தெரிந்த கேன்டீன் டீ எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் வந்து நின்றன. ஒரு "சரி" போதும். அதைக்கூடச் சொல்லாமல் சும்மா இருந்தாலே போதும்.

"செல்வி," என்றாள்.  "சரின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. இன்னும் அங்கதான் நிக்குது. நான் சொல்றதுக்குள்ள அந்த மெயிலுக்குப் பதில் போடு. சேர்றேன்னு போடு. ஜல்தி."

"அக்கா..."

"நீ இங்க என் முன்னாடி போடணும். அப்புறம் போடறேன்னு சொன்னா நான் மனசு மாறிடுவேன். என்னை எனக்குத் தெரியும். போடு."

தமிழ்செல்வி பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். தப்புத் தப்பாக விழுந்த எழுத்துகளை அழித்து அழித்து அடித்தாள். அவள் அடித்து முடிக்கிறவரை ரோஹிணி எதிரில் நின்றாள். அனுப்பியதும் போனை வாங்கி, போய்விட்டதா என்று ஒரு தடவை பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"காலைல என்கூட வா. ஃப்ரீசர்ல எந்தக் குழந்தை எந்தத் தட்டுல இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வெளியே சத்தம் கேட்காமலிருக்கக் குழாயை முழுதாகத் திறந்தாள். ஜூன் மாதத்தில் லக்ஷ்மிபாய் நகரில் அந்த நேரத்துக்குத் தண்ணீர் வராது. அவள் அழுதது வீடு முழுக்கக் கேட்டது.